கரைக்கு ஏழு ஊற்று

ஒரு காட்டை நடுவில் வகிடு எடுத்ததுபோல இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஓர் ஆறு போனது. மழைக்காலத்தில்தான் அது ஆறு. பங்குனி பிறந்துவிட்டால் கண்ணுக்கு எட்டிய தூரம் வெறும் மணல். தண்ணீரெல்லாம் மணலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

படுத்த தண்ணீரை எழுப்பத் தெரிந்தது யானைகளுக்கு மட்டும்தான். தும்பிக்கையால் முகர்ந்து பார்த்து, இந்த இடம்தான் என்று முடிவு செய்து, முன்காலால் மணலை ஒதுக்கும். பள்ளம் ஆழமானதும் அடியில் மெல்ல ஊறும். அதுதான் ஊற்று.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் கிழக்கரை, அந்தப் பக்கம் மேற்கரை. கோடை முழுக்க யானைக்கூட்டம் ஒரு மாதம் இங்கே, ஒரு மாதம் அங்கே என்று மாறி மாறித் தங்கும். எந்தக் கரையில் தங்கினாலும் அந்தக் கரையின் பிராணிகளுக்கு ஏழு ஊற்று தோண்டிக் கொடுத்துவிட வேண்டும். தங்களுக்கென்று தோண்டிக்கொள்வது தனி. கரை தழையும் நிழலும் தருகிறது. கூட்டம் கரைக்கு ஊற்று தருகிறது. இதற்குக் கரைப்பங்கு என்று பெயர். யார் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை.

கிழக்கரைக்குத் தலைவி மருதி என்கிற பெண் கடமான். நல்லவள், ஆனால் சரியான கவலைக்காரி. ஒரு இலை உதிர்ந்தால்கூட மரமே பட்டுப்போகிறதோ என்று அண்ணாந்து பார்ப்பாள்.

அந்த வருஷம் கிழக்கரையில் மூங்கில் பூத்தது. மூங்கில் பூத்தால் காய்ந்துபோகும், தெரியுமா? புதரெல்லாம் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. ஒரு மாதம் தங்க வேண்டிய யானைக்கூட்டம் இருபதாம் நாளே எழுந்து மணலைக் கடந்து மேற்கரைக்குப் போய்விட்டது.

மருதிக்குக் கவலை பிடித்துக்கொண்டது. யானை இருந்தால்தான் உயரத்துக் கிளை ஒடிந்து மான்களுக்குத் தழை கிடைக்கும். யானை வாடை அடிக்கிற பக்கம் செந்நாய்கள் தலைகாட்டாது. எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர். கூட்டம் இனி அங்கேயே தங்கிவிட்டால் கிழக்கரையின் கதி என்ன?

"ஏன் சீக்கிரம் கிளம்பிட்டீங்க?" என்று யானைகளிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வந்து தங்குகிறவர்களிடம் தலைவர்கள் நேரில் பங்கு பேச மாட்டார்கள். அது மரியாதைக் குறைச்சல். எல்லாம் வால்காக்கை வழியாகத்தான் போகும்.

வால்காக்கை நீண்ட வாலும் அதைவிட நீண்ட நாக்கும் உள்ள பறவை. பொய் சொல்லாது. ஆனால் ஒரு கரையில் கேட்டதை அடுத்த கரையில் சொல்லாவிட்டால் அதற்குத் தீனி செரிக்காது.

மருதி அதைக் கூப்பிட்டு, கிழக்கரைக்குத் திரும்பி வந்தால் ஏழு ஊற்று வேண்டாம், ஐந்து போதும் என்று ஆனையம்மாவிடம் சொல்லிவரச் சொன்னாள். ஆனையம்மா என்பது கூட்டத்தை நடத்திப்போகும் மூத்த பெண் யானை.

பத்தாம் நாள் கூட்டம் திரும்பி வந்தது.

மருதிக்குப் பெருமை பிடிபடவில்லை. ஊற்றைக் குறைத்தேன், யானை வந்தது என்று எல்லாரிடமும் சொன்னாள். அதே வாரம் கிழக்கரையில் அத்தி பழுத்து, வாசனை ஆற்றைத் தாண்டிப் போனதை அவள் யோசிக்கவில்லை.

சரி, ஏழில் எந்த இரண்டை விடுவது? மான்களின் ஊற்றை விட முடியாது. காட்டெருதுகளின் ஊற்றை விட்டால் சண்டைக்கு வருவார்கள். மருதி யோசித்து யோசித்து மயில்களின் ஊற்றையும், முயலும் சருகுமானும் குடிக்கிற கடைசி ஊற்றையும் விட்டாள். சின்ன வாய்கள்தானே, பெரியவர்களின் ஊற்றில் ஓரமாக நின்று குடித்துக்கொள்ளட்டும் என்று அவளுக்குப் பட்டது.

சருகுமான் முயலைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அது பேசினாலே சருகு நகர்ந்த சத்தம்தான் கேட்கும். மருதி சொன்னதைக் கேட்டுவிட்டு, "சரிங்க பெரியம்மா" என்று போய்விட்டது.

இதற்குள் வால்காக்கை மேற்கரையில் போய் உட்கார்ந்துவிட்டது. மேற்கரைக்குத் தலைவன் கட்டையன் என்கிற காட்டுப்பன்றி. பிடிவாதக்காரன். தலையைக் குனிந்தால் குனிந்ததுதான், மரம் வந்தாலும் நிமிர மாட்டான். கிழக்கரையில் ஐந்து என்று கேட்டதும் அவன் மூக்கால் ஒரு சத்தம் விட்டு, அப்படியானால் இங்கே நான்கு என்று சொல்லி அனுப்பினான்.

பதினைந்தாம் நாள் யானைகள் மேற்கரைக்குப் போயின.

மருதி இரண்டு என்றாள். ஒன்பது நாளில் கூட்டம் இங்கே வந்தது.

கட்டையன் ஒன்று என்றான். ஆறே நாளில் கூட்டம் அங்கே போனது.

வால்காக்கைக்கு இறகு ஓய்ந்துபோனது. பாவம், யானைகளுக்கும் கால் ஓய்ந்துபோனது. குட்டி யானைகள் கொதிக்கிற மணலில் நடந்து நடந்து பாதம் வெந்துபோய், தாயின் நிழலுக்குள்ளேயே புகுந்து புகுந்து நடந்தன. கோடையில் ஒரு தடவை இரண்டு தடவை கடக்கிற ஆற்றை இப்போது அடிக்கடி கடக்க வேண்டியிருந்தது.

கிழக்கரையில் நிலைமை மோசமானது. மயில்கள் ஒருநாள் காலையில் எழுந்து மலைப்பக்கம் பறந்துவிட்டன. அவை திரும்பவே இல்லை. முயல்கள் ஈரத்துக்காகக் கிழங்கைத் தோண்டித் தின்றன. மிச்சமிருந்த ஊற்றில் காட்டெருதுகள் முதலில் குடிக்கும், அப்புறம் மான்கள், அப்புறம் குரங்குகள். கடைசியில் வருகிறவர்களுக்குச் சேறுதான்.

குரங்குகள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்குமா? மருதி அந்தப் பக்கம் வந்தால் போதும், ஒரு கிழட்டுக் குரங்கு கிளையில் இருந்தபடியே, "தலைவியம்மா, அடுத்தது ஆனைக்கு விசிறி விடறதுக்கு ஆள் எடுப்பீங்களா? எங்களுக்குக் கை காலியாத்தான் இருக்கு" என்று கேட்கும். மற்றவை சிரிக்கும். மருதி கேட்காததுபோலப் போய்விடுவாள். கேட்டது என்பது அவள் நடையிலேயே தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் சருகுமான் குட்டி போட்டது. குட்டி ஒரு கைப்பிடி இருந்தது. நாலாம் நாள் சருகுமான் மருதியைத் தேடி வந்தது. அதன் விலா எலும்பு எண்ணும்படி இருந்தது.

"பெரியம்மா, எனக்குப் பால் வத்திக்கிட்டு வருது" என்றது. "எனக்குன்னு தனியா ஊத்து கேக்கலை. அந்தக் கூட்டத்துல என்னால நுழைய முடியலை. யாரும் மிதிக்காத எடமா, நாக்கு நனையற அளவுக்கு, ஒரு எடம் காட்டுங்க. போதும்."

காட்டுவதற்கு மருதியிடம் இடம் இல்லை. நாளைக்குள் யானை வந்துவிடும், வந்ததும் முதல் வாய் உன்னுடையதுதான் என்று வாக்குக் கொடுத்தாள். சருகுமான் அதை நம்பிப் போனது.

வாக்குக் கொடுத்தாயிற்று. யானை வர வேண்டுமே? கட்டையன் ஒன்றுக்கு வந்துவிட்டான். அதற்குக் கீழே என்ன இருக்கிறது? மருதி கண்ணை மூடிக்கொண்டு வால்காக்கையிடம் சொன்னாள்.

"ஒண்ணும் வேண்டாம்னு சொல்லு. கரைக்கு ஒரு ஊத்துகூட வேண்டாம். வந்தா மட்டும் போதும்."

வால்காக்கையே ஒரு கணம் தயங்கியது. "அக்கா, நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா?" என்று கேட்டது. மருதி, போ என்று தலையை ஆட்டினாள்.

கூட்டம் வந்தது. தங்களுக்கென்று ஒரே ஒரு ஊற்று தோண்டிக்கொண்டது. கரைக்கு எதுவும் தோண்டவில்லை. அவள்தானே வேண்டாம் என்றது?

முதல் நாள் எல்லாரும் தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாம் நாள் தாகம் வெட்கத்தைத் தின்றுவிட்டது. காட்டெருதுகள் மெல்ல யானைகளின் ஊற்றுக்குப் பக்கத்தில் வந்தன. யானைகள் விரட்டவில்லை. அதைப் பார்த்து மான்கள் வந்தன. குரங்கு, முள்ளம்பன்றி, நரி, எல்லாரும் வந்தார்கள். காடே அந்த ஒரு பள்ளத்தைச் சுற்றி நின்றது.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் சருகுமானும் குட்டியோடு வந்தது. முதல் வாய் அதனுடையது என்ற வாக்கு யாருக்கு நினைவிருக்கிறது? மருதி வழிவிடுங்க வழிவிடுங்க என்று சொல்லிப் பார்த்தாள். அவள் குரல் அந்த நெரிசலில் எடுபடவில்லை. கால்களுக்கு இடையில் புகுந்து புகுந்து குட்டி எப்படியோ விளிம்புக்குப் போய்விட்டது. பின்னாலிருந்து யாரோ தள்ளினார்கள். விளிம்பு மணல் பொலபொலவென்று சரிந்தது. குட்டியும் மணலோடு உள்ளே போனது.

சருகுமான் கத்தவில்லை. அதற்குக் கத்தத் தெரியாது. வாயைத் திறந்தபடி நின்றது.

ஆனையம்மா மற்றவர்களை நெற்றியால் ஒதுக்கிவிட்டு, தும்பிக்கையைச் சேற்றுக்குள் விட்டுத் துழாவி, குட்டியை வெளியே எடுத்தது. மணலில் வைத்து அதன் மூக்கில் இருந்த சேற்றை ஊதித் தள்ளியது. குட்டி தும்மியது. அப்புறம்தான் எல்லாருக்கும் மூச்சு வந்தது.

ஊற்று இருந்த இடத்தில் இப்போது குழம்பிய சேறுதான் இருந்தது. ஆனையம்மா அதை ஒரு முறை பார்த்தது. பிறகு திரும்பி மேற்கரையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. கூட்டமும் பின்னால் போனது.

மருதி அப்படியே நின்றாள். கொடுக்க இனி அவளிடம் என்ன இருக்கிறது? வால்காக்கை வேறு பறந்துவந்து பக்கத்தில் உட்கார்ந்து, மேற்கரையில் யானைகளுக்கு வேண்டிய ஊற்றையும் கட்டையனே தோண்டித் தருகிறானாம் என்ற சேதியைச் சொன்னது.

என்ன நினைத்தாளோ, மருதி மணலில் இறங்கி ஓடினாள். வழக்கமாவது மரியாதையாவது என்று தோன்றிவிட்டது. நடு ஆற்றில் கூட்டத்தைப் பிடித்து, ஆனையம்மாவுக்கு முன்னால் போய் நின்றாள். அவளுக்கு மூச்சு இரைத்தது.

"ஆனையம்மா, ஏழை அஞ்சாக்கினேன். அஞ்சை ரெண்டாக்கினேன். இப்போ ஒண்ணுமே வேண்டாம்னுட்டேன். இன்னும் என்ன செஞ்சா தங்குவீங்க?"

ஆனையம்மா காதை ஆட்டியபடி அவளைப் பார்த்தது.

"நான் எப்போம்மா குறைக்கச் சொன்னேன்?" என்றது. "மொதல்ல மூங்கில் காய்ஞ்சுதுன்னு போனோம். அத்தி பழுத்துதுன்னு வந்தோம். உன் பறவை வந்து அஞ்சு போதும்னுச்சு. வேலை குறைஞ்சா யாருக்குக் கசக்கும்? சரின்னேன். அது என் தப்புத்தான்."

"அப்புறம் ஏன் நிக்காம நிக்காம போனீங்க?"

"தண்ணிக்காகத்தான். ஏழு ஊத்து இருந்தப்போ எங்க ஊத்துல எங்க வாய் மட்டும்தான் இருந்துச்சு. தண்ணி தெளிவா இருக்கும், ஒரு மாசம் தாங்கும். நீங்க ரெண்டு ஊத்தைக் குறைச்சீங்க, ரெண்டு ஊத்துக் கூட்டம் எங்ககிட்ட வந்துச்சு. அஞ்சைக் குறைச்சீங்க, அஞ்சு கூட்டம் வந்துச்சு. இப்போ காடே வந்து நிக்குது. சீக்கிரம் சேறாயிடுது. தாகத்தோட வர்றவங்களை விரட்ட எனக்கு மனசு வரலை. அதான் நாங்களே எந்திரிச்சுப் போயிடறோம். அந்தக் கரையிலயும் இதே கதைதான்."

மருதிக்கு இப்போதுதான் புரிந்தது. யானையைப் பிடித்து வைக்க அவள் செய்த ஒவ்வொன்றும் யானையைத் துரத்தியிருக்கிறது. மயில்கள் போனதும், சருகுமானுக்குப் பால் வற்றியதும் இதற்காகத்தான்.

அவள் அழுதுகொண்டே மேற்கரைப் பக்கம் திரும்பினாள். கரையோரம் மணலில் ஏதோ ஒன்று புரண்டுகொண்டிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால், கட்டையன். மூக்கால் மணலைக் கிளறுவான். கிளறிய மணல் சரிந்து அவன் தலையிலேயே விழும். மறுபடி கிளறுவான். கண், காது, வாய் எல்லாம் மணல். மூக்கு நுனி தோல் உரிந்து சிவந்திருந்தது.

மருதியைப் பார்த்ததும் அவன் நிமிர்ந்தான். சண்டைக்கு வரவில்லை. அவனுக்குச் சண்டை போடத் தெம்பு இல்லை.

"நீங்க ஒண்ணுமே வேண்டாம்னுட்டீங்க" என்றான். "அதுக்கும் கீழே நான் எங்கக்கா போறது? அதான் நானே தோண்டறேன்."

மருதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இத்தனை நாள் எதிரி என்று நினைத்தவன், தன்னைப் போலவே பயந்துபோய், தன்னைப் போலவே கரைக்காக மணலைத் தின்றுகொண்டிருக்கிறான். அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஆனையம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். அவன் கரையிலும் இரண்டு முயல் குடும்பம் போய்விட்டது, ஒரு நரிக்குட்டி செத்துவிட்டது என்று அவன் சொன்னான்.

பிறகு மருதி சொன்னாள்: "கட்டையா, பழையபடி ஏழுன்னு வெச்சுக்குவோம். ரெண்டு கரையும்."

கட்டையன் தலையைக் குனிந்துகொண்டான். "இப்போ ஏழும்பீங்க. நாளைக்கு அந்தப் பறவை வந்து அஞ்சுன்னு சொல்லும். நான் ஏமாந்து நிப்பேன்."

"நான் அஞ்சுன்னா யார் கரையில கூட்டம் நெரியும்?"

"உங்க கரையில."

"யார் கரையில தண்ணி சேறாகும்?"

"உங்க கரையிலதான்."

"அப்போ ஆனை எந்தக் கரைக்குப் போகும்?"

கட்டையன் மணல் ஒட்டிய கண்களை இரண்டு மூன்று தரம் சிமிட்டினான். அவனுக்குள் அது மெதுவாகத்தான் இறங்கியது, ஆனால் இறங்கிவிட்டது.

இரண்டு பேரும் எழுந்து, கூட்டம் இன்னும் நின்றிருந்த நடு ஆற்றுக்குப் போய், வால்காக்கை இல்லாமல், தங்கள் வாயாலேயே, எந்தக் கரையில் தங்கினாலும் ஏழு ஊற்று வேண்டும் என்று ஆனையம்மாவிடம் கேட்டார்கள். தங்குகிறதும் போகிறதும் தழையைப் பொறுத்து அவர்கள் இஷ்டம் என்றார்கள். சொல்லி முடித்ததும் கட்டையனுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது.

"ஏங்க்கா" என்று மருதியின் காதோரம் கிசுகிசுத்தான், "நான் எட்டு கேட்டா ஆனை எங்க கரையிலயே இருந்துடுமா?"

ஆனையம்மாவுக்குக் காது பெரிது. "என் காலையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்கப்பா" என்றது.

அன்றைக்குக் கூட்டம் மேற்கரையில் ஏழு ஊற்று தோண்டியது. கட்டையன் பாதி தோண்டி வைத்திருந்த பள்ளத்தை ஆனையம்மா ஒரே மிதியில் மூடிவிட்டு, நாலடி தள்ளித் தோண்டியது. தண்ணீர் அங்கேதான் இருந்தது. கிழக்கரை அத்தியில் இன்னும் பழம் இருந்ததால், மறுநாள் விடிந்ததும் கூட்டம் இந்தப் பக்கம் வந்தது. இங்கேயும் ஏழு. முதல் ஊற்று முயலுக்கும் சருகுமானுக்கும்.

சருகுமான் சுற்றும் முற்றும் பார்த்தது. நெருக்கித் தள்ள யாரும் இல்லை. முதலில் குட்டியை முன்னால் விட்டது. பிறகு தானும் குனிந்து, மூச்சு விடக்கூட நிமிராமல் குடித்தது.

மருதி எல்லா ஊற்றுக்கும் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு, மான்களின் ஊற்றுக்குக் கடைசியாகத்தான் வந்தாள். அவளுக்கு முன்னால் அத்தனை மான்களும் குடித்து முடித்திருந்தன. அவள் குனிந்து பார்த்தாள். தண்ணீருக்கு அடியில் கிடந்த மணல் ஒவ்வொரு பரலாகத் தெரிந்தது.

நீதி: வருகிறவரை இழுப்பதற்காக, இருக்கிறவரின் பங்கை விட்டுக்கொடுக்காதே, இருக்கிறவரும் வாடுவார், வந்தவரும் தங்க மாட்டார்.